பத்தாண்டு ஊழியமும் ஓய்வூதியமும்

ஓய்வூதியம் என்றதும் அது சர்க்கார் உத்தியோகஸ்தருக்கே உரியது என்று நம்மில் பலர் எண்ணிவிடுகிறோம். முன்னாளில் அதனை 'உபகாரச் சம்பளம்' என்று வழங்கினார்கள். தொழிற்சாலையில் உழைப்போர்க்கும் இன்று அது உண்டு. உபகாரமாக அன்று, உரிமையாகவே உண்டு. அவ்வுரிமையை அறியாமல் இழப்பவர்கள் உளர் என்பதால், அதன் விவரங்களை இங்கே கூற விரும்புகிறோம்.

பெங்களூரின் தென்பகுதியில் ஓசூர் சாலையை ஒட்டியுள்ளது பொம்மனஹள்ளி. ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் மலிந்த இடம். 2016-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மத்திய சர்க்கார் ஒரு விதியை வெளியிட்டது. சேமநிதியில் முதலாளி செலுத்தும் பங்கை 58 வயதுக்கு முன் எடுத்தல் கூடாது என்பது அதன் சாரம். ஏப்ரல் 18-ஆம் தேதி பொம்மனஹள்ளித் தொழிலாளர், பெரும்பாலும் பெண்கள், வேலையை விட்டுச் சாலைக்கு வந்தார்கள். போராட்டம் நகரின் பிற பகுதிகளுக்கும் பரவிற்று. மறுநாளே அவ்விதி கைவிடப்பட்டது. தம் சேமிப்பு தம் கைக்கு எட்ட வேண்டும் என்று அவர்கள் கேட்டது நியாயமே.

ஆயினும் சேமநிதி வேறு, ஓய்வூதிய நிதி வேறு என்பதை நாம் மறத்தலாகாது. தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கப்படும் பங்கு முழுவதும் சேமநிதிக்குச் செல்கிறது. முதலாளியின் பங்கிலிருந்து, சம்பளத்தில் நூற்றுக்கு 8.33 வீதம், ஓய்வூதிய நிதிக்குச் செல்கிறது. இத்திட்டம் 1995-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி தொடங்கிற்று. 2014 செப்டம்பர் முதல் இக்கணக்குக்கு உரிய சம்பளத்தின் உச்சவரம்பு மாதம் 15,000 ரூபாய்.

ஓய்வூதியம் பெற 10 ஆண்டு ஊழியம் வேண்டும். அது ஒரே தொழிற்சாலையில் அமைய வேண்டும் என்னும் நிபந்தனை இல்லை. ஓரிடத்தில் நான்கு ஆண்டு, வேறோரிடத்தில் ஆறு ஆண்டு என்று பணிபுரிந்தாலும் இரண்டும் ஒன்றாகக் கூட்டப்படும். ஆனால் முதல் வேலையை விட்டவுடன் ஓய்வூதியப் பணத்தையும் சேர்த்து எடுத்துவிட்டால், அந்த நான்கு ஆண்டும் கணக்கிலிருந்து நீங்கிவிடும். இழப்பு நேர்வது இவ்விடத்தில்தான். பணத்தை எடுப்பதற்கு மாறாக, ஊழியக் காலத்தைக் குறிக்கும் திட்டச் சான்றிதழைக் கேட்டுப் பெறலாம். புதிய வேலையில் பழைய கணக்கு எண்ணையே கொடுத்துத் தொடரலாம்.

கணக்கு எளிது. கடைசி 60 மாதச் சம்பளத்தின் சராசரியை ஊழிய ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 2014 செப்டம்பருக்குப் பின் சேர்ந்த ஒருவரின் சராசரிச் சம்பளம் 12,000 ரூபாய் என்றும், ஊழியம் 10 ஆண்டு என்றும் கொள்வோம். அவருக்கு மாதம் ஏறக்குறைய 1,714 ரூபாய் வரும். 15 ஆண்டாயின் 2,571 ரூபாய். தொகை சிறிதே. எனினும் ஆயுள் உள்ளவரை மாதந்தோறும் வருவது. 58 வயதில் இது தொடங்கும். 50 வயதிலிருந்தும் கேட்கலாம்; ஆனால் முந்தும் ஒவ்வோர் ஆண்டுக்கும் நூற்றுக்கு 4 குறையும்.

உறுப்பினர் இறந்தால் மனைவிக்கோ கணவருக்கோ ஓய்வூதியம் உண்டு. 25 வயது நிரம்பாத இரு குழந்தைகளுக்கும் உண்டு. பணியிலிருக்கையில் இறந்தவர் ஒரு மாதச் சந்தாவே செலுத்தியிருப்பினும் இது பொருந்தும். ஆகையால் ஊரில் விட்டுவந்த குடும்பத்தாரின் பெயர்களைக் கணக்கில் பதிந்து வைத்தல் அவசியம். தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே இடுவது நம் வழக்கம். வேற்று மாநிலத்தில் அதனை விரித்தும் பின்னே மாற்றியும் எழுதிவிடுகிறார்கள். ஆதாரிலும் சேமநிதிக் கணக்கிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒத்திராவிடில் விண்ணப்பம் திரும்பிவிடும். வேலையில் இருக்கும்போதே திருத்திக்கொள்வது நலம்.

ஓய்வுக்குப்பின் தருமபுரிக்கோ திருநெல்வேலிக்கோ திரும்ப எண்ணுவோர்க்கு ஒரு வசதி வந்துள்ளது. 2025 ஜனவரி முதல் இவ்வோய்வூதியத்தை நாட்டின் எந்த வங்கிக் கிளையிலும் பெறலாம். ஊர் மாறினால் உத்தரவை மாற்ற வேண்டுவதில்லை. ஆண்டுக்கொரு முறை உயிர்ச்சான்று அளிப்பது மட்டும் கடமை. அதை எம்மாதத்திலும் அளிக்கலாம். தபால்காரர் வாயிலாக வீட்டிலிருந்தும் அளிக்கலாம்.

சேமநிதியே இல்லாத கூலி வேலை செய்து முதுமை எய்திய வறியோர்க்கு, கர்நாடகத்தில் 2007-இல் தொடங்கிய 'சந்தியா சுரக்ஷா' திட்டம் உளது. 65 வயது நிரம்பியவர்கள் 'நாட கச்சேரி' எனக் கன்னடத்தில் வழங்கும் வருவாய்த்துறை அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். தமிழகத்தின் முதியோர் ஓய்வூதியம் 1962 முதலே நடந்து வருவதாயினும் அது அங்கு வசிப்போர்க்கே உரியது. எனவே வாழும் மாநிலத்தின் முகவரிச் சான்றும் குடும்ப அட்டையும் நம்மிடம் இருத்தல் வேண்டும்.

வேலை மாறும் நாளில் அவசரத் தேவை கண்முன் நிற்கும். முதுமை தொலைவில் தோன்றும். சேமநிதியில் கைவைக்க நேர்ந்தாலும், ஓய்வூதியக் கணக்கை மட்டும் தொடாமல் காப்போமாக. விண்ணப்பத்தில் கையெழுத்திடுமுன் எந்தக் கணக்கிலிருந்து பணம் கேட்கிறோம் என்பதை ஒருமுறை படித்துப் பார்ப்பது, பிற்காலத்தில் நம்மைக் காக்கும்.