காருக்குள் குளிர்ச்சி எங்கே போயிற்று?

அக்கினி நட்சத்திர வெயில். சென்னை அண்ணா சாலையில் வண்டிகள் அசையாமல் நிற்கின்றன. காரில் ஏ.ஸி. ஓடத்தான் ஓடுகிறது, ஆனால் வருவதோ சமையலறைக் காற்று! உடனே பின் ஸீட்டிலிருந்து ஒரு தீர்ப்புப் பிறக்கும்: "காஸ் தீர்ந்து போச்சு!"

இந்தத் தீர்ப்பில்தான் பிசகு இருக்கிறது. காஸ் என்பது பெட்ரோலைப் போல் எரிந்து தீரும் சரக்கல்ல. மூடிய குழாய்களுக்குள் அதே காஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. கம்ப்ரஸர் அதை அழுத்துகிறது. ரேடியேட்டருக்கு முன்னாலுள்ள கண்டென்ஸரில் அது சூட்டை வெளியே விட்டுத் திரவமாகிறது. டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் மறுபடி ஆவியாகி, காருக்குள்ளிருக்கும் வெப்பத்தை வாங்கிக் கொள்கிறது. பல வருஷங்களில் சிறிது கசிவது சகஜம். சீக்கிரமே குறைந்தால், எங்கோ ஓட்டை என்றுதான் அர்த்தம்.

மெக்கானிக்கிடம் போகுமுன் நீங்களே சிலவற்றைக் கவனிக்கலாம்.

காற்றே மெதுவாக வருகிறதா? ஃபில்டரில் தூசி அடைத்திருக்கலாம். அநேக கார்களில் அது டாஷ்போர்டுப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. மாற்ற அதிகச் செலவில்லை.

வண்டி ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றால் சூடாகிறதா? கண்டென்ஸர் விசிறியின் மேல் சந்தேகப்படுங்கள். கண்டென்ஸரில் சேறும் பூச்சியும் அப்பியிருந்தாலும் இதே கதிதான். பானெட்டைத் திறந்து பார்க்கும்போது கையும் புடவைத் தலைப்பும் விசிறிக்கு எட்டாத தூரத்தில் இருக்கட்டும்!

பல கார்களில் ஏ.ஸி. பொத்தானை அழுத்தியதும் கம்ப்ரஸரிலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். கேட்காவிட்டால் ஃப்யூஸ் போயிருக்கலாம். காஸ் மிகக் குறைந்து கம்ப்ரஸர் தானே நின்றிருக்கவும் கூடும்.

குழாய் இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்குத் தெரிகிறதா? அதுதான் திருடன் விட்டுச் சென்ற தடயம். கம்ப்ரஸருக்கு வேண்டிய எண்ணெய் காஸோடு கலந்தே ஓடுகிறது. ஓட்டையை அடைக்காமல் காஸை மட்டும் நிரப்பி வந்தால், எண்ணெயும் போய், ஒரு நாள் கம்ப்ரஸரே இறுகிவிடும். சில நூறு ரூபாய் ரப்பர் வளையத்தோடு போக வேண்டிய செலவு பல ஆயிரத்தில் வந்து நிற்கும்.

நஷ்டம் நம் பைக்கு மட்டுமல்ல. ஏராளமான கார்களிலுள்ள ஆர்-134ஏ காஸ், கரியமில வாயுவைவிட 1,000 மடங்குக்கும் மேலாகப் பூமியைச் சூடாக்க வல்லது. ஆகவே குழாயை நீங்களாக அவிழ்க்க வேண்டாம்.

மெக்கானிக்கிடம், "காஸ் போடுங்கள்" என்று ஆரம்பிக்காதீர்கள். "கசிவு எங்கே என்று முதலில் பாருங்கள்" என்று சொல்லுங்கள். அடைத்த பிறகு, குழாய்களிலுள்ள காற்றையும் ஈரத்தையும் வாக்குவம் பம்பால் இழுத்துவிட்டு, பானெட்டுக்கு அடியிலுள்ள சீட்டில் கண்ட எடைப்படி காஸை நிறுத்துப் போடச் சொல்லுங்கள். அதிகம் போட்டாலும் குளிர்ச்சி குறையும்.

ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொண்டு வருகிறவர், குடத்தைப் பார்க்காமல் கிணற்றைக் குறை சொல்லலாமா?