மார்க் போடுவது யார் தெரியுமா?

மருத்துவ ஆய்வின் முடிவு பேப்பரில் நாலு வரிச் செய்தியாக வந்து போய்விடும். அந்த நாலு வரிக்குப் பின்னால் என்னவெல்லாம் நடந்தது என்று எட்டிப்பார்ப்பதில் இருக்கும் குஷியே தனி! அதிலும் மனச்சோர்வுக்காக விக்ரம் படேலும் அவர் குழுவினரும் கோவாவில் நடத்திய ஆய்வு இருக்கிறதே, உள்ளே நுழைந்தால் வெளியே வர மனசே வராது. வாருங்கள், போவோம்!

முதலில் ஆளைப் பார்த்துவிடலாம். மும்பையில் பிறந்த மனநல மருத்துவர் படேல், 1990களில் ஜிம்பாப்வேயில் வேலை பார்த்தவர். அங்கே மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருந்தார்கள். டாக்டரே இல்லாத ஊரில் மனசு ஒடிந்துபோனவரை யார் கவனிப்பது? இந்தக் கேள்வி அவரை விடவே இல்லை. 1996ல் சகாக்களுடன் சேர்ந்து கோவாவில் ‘சங்காத்’ அமைப்பைத் தொடங்கினார்.

அங்கே கிடைத்த பதில்தான் அபாரம்: உள்ளூர்க்காரரே கவனிக்கலாம்! மனநலப் படிப்பு எதுவும் படிக்காத சாதாரண ஆட்களைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, கவுன்சலர்களாக்கி ஆரம்ப சுகாதார நிலையங்களில் உட்காரவைத்தார்கள்.

அவர்கள் செய்யும் சிகிச்சை என்ன? மனச்சோர்வு வந்தவர் வேலை, மனிதர்கள், பிடித்த விஷயம் என்று ஒவ்வொன்றாக விட்டு ஒதுங்குவார். ஒதுங்க ஒதுங்கச் சோர்வு கூடும். இந்தச் சுழலிலிருந்து அவரை வெளியே கொண்டுவர வேண்டும். மாலையில் கொஞ்ச தூரம் நடப்பதோ, அக்காவுக்கு ஒரு போன் போடுவதோ, நின்றுபோன ஒரு சின்னச் செயலை இருவரும் பேசி முடிவு செய்து மறுபடி தொடங்குவார்கள். ஆறிலிருந்து எட்டுச் சந்திப்புகள், ஒவ்வொன்றும் அரை மணி, முக்கால் மணி. வர முடியாதவருக்கு வீடு தேடிப் போவார்கள்.

இனிதான் நான் துள்ளிக் குதித்த இடம்! நோயாளியின் சம்மதத்தோடு பதிவான ஒரு சந்திப்பின் ஆடியோவைப் போட்டு, கவுன்சலர்கள் கூடி உட்கார்ந்து கேட்பார்கள். ஒவ்வொருவர் கையிலும் மதிப்பெண் தாள். எதிரில் இருப்பவரைப் பேச விட்டாரா? போன வாரம் ஒப்புக்கொண்ட வேலை என்ன ஆயிற்று என்று விசாரித்தாரா? மார்க் போட்டு, ஏன் போட்டோம் என்று முகத்துக்கு நேரே பேசிக்கொள்வார்கள். இந்தச் சக கவுன்சலர்கள் போட்ட மார்க், நிபுணர்கள் போட்ட மார்க்கோடு பெருமளவு ஒத்துப்போனதையும் தனி ஆய்வாகவே வெளியிட்டார்கள். அடேயப்பா!

சரி, பலன்? பத்து ஆரம்ப சுகாதார நிலையங்கள், கடும் மனச்சோர்வோடு வந்த 495 பேர். யாருக்குக் கவுன்சலர், யாருக்கு வழக்கமான கவனிப்பைச் சற்றே மேம்படுத்திய சிகிச்சை மட்டும் என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். மூன்று மாதம் கழித்து நோயாளிகளைப் பேட்டி கண்டவர்களுக்கு, யார் எந்தப் பிரிவு என்றே தெரியாது. கவுன்சலரைப் பார்த்தவர்களில் 64 சதவீதம் பேர் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள். மற்றவர்களில் 39 சதவீதம். 2017ல் ‘லான்செட்’ இதழில் வந்த கணக்கு இது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் பலன் நிலைத்திருந்தது!

படேல் ஆய்வோடு நிற்கவில்லை. தேசிய மனநலக் கொள்கையை வகுத்த அரசுக் குழுவிலும் இருந்தார். கொள்கை 2014 அக்டோபர் 10 அன்று வெளியானது. மனநலச் சிகிச்சை பெறுவது குடிமக்களின் உரிமை என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. உடல்நோய்க்கு உள்ளதுபோலவே மனநோய்க்கும் காப்பீடு தரவேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. கோவாவில் உருவான அதே சிகிச்சையை மத்தியப் பிரதேசத்தின் செஹோர் மாவட்டத்தில் ‘ஆஷா’ எனப்படும் கிராம சுகாதாரப் பணியாளர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் ஆய்வும் நடந்தது.

இவ்வளவையும் பார்த்துவிட்டு ஒன்றை அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது. சாதாரண மனிதர் நல்ல கவுன்சலராவது பயிற்சி முகாமோடு முடிகிற சமாச்சாரம் இல்லை. கூடி உட்கார்ந்து, ஆடியோ கேட்டு, ஒளிவுமறைவில்லாமல் மார்க் போட்டுத் திருத்திக்கொள்வதும் சிகிச்சையில் சேர்த்திதான். இந்தத் திட்டத்தை எந்த அரசு எடுத்துச் செய்தாலும், அந்த நேரத்துக்கும் சம்பளம் ஒதுக்கட்டும்!