ஓநாய்க்கு வேண்டியது புல்வெளி

இந்திய ஓநாயைக் காக்க மூன்று வழிகள் பேசப்படுகின்றன: உயிரியல் பூங்காக்களில் இனத்தைப் பெருக்குவது, ஆட்டிடையர்களிடம் விழிப்புணர்வு ஊட்டுவது, சட்டப் பாதுகாப்புக்குக் குரல் கொடுப்பது. மூன்றும் தேவையானவையே, ஆனால் பெருகும் குட்டிகள் எங்கே போய் வாழும் என்ற கேள்விக்கு இவற்றில் விடையில்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றிருந்தும், நாட்டில் எஞ்சியுள்ள ஓநாய்கள் ஏறத்தாழ 3,100 என்றே மதிப்பிடப்பட்டுள்ளன; இது 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கிடைத்த புலிகளின் எண்ணிக்கையான 3,682ஐவிடக் குறைவு.

அமெரிக்கச் செந்நிற ஓநாயின் வரலாறு இங்கே பாடமாகிறது. 1980இல் காட்டில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்ட அந்த இனம், கூண்டிலிருந்த 14 மூதாதைகளிலிருந்து மீட்கப்பட்டு 1987இல் வட கரோலினாவில் விடப்பட்டது. இனப்பெருக்கம் வென்றபோதிலும், சாலைகளில் வாகனங்கள் மோதியும் துப்பாக்கிக் குண்டுகளுக்கு இரையாகியும் மடிந்ததால், இன்றும் காட்டில் சொற்ப எண்ணிக்கையே மிஞ்சியிருக்கிறது.

கர்நாடகத்தின் கொப்பள் மாவட்டத்திலுள்ள பங்காபூர் ஓநாய்ச் சரணாலயம் நம்பிக்கை தருகிறது; 2025இல் அங்கே ஒரு பெண் ஓநாய் எட்டுக் குட்டிகளை ஈன்றது. கண் திறவாத குட்டிகள் பாறை இடுக்கிலோ புதர்க்குழியிலோ கிடக்க, வேட்டைக்குச் சென்ற கூட்டத்தார் விழுங்கிவந்த இறைச்சியைத் தாய்க்கும், பின்னர் வளர்ந்த குட்டிகளுக்கும் கக்கி ஊட்டுவார்கள். ஆயினும் இந்தச் சரணாலயத்தின் பரப்பான 332 ஏக்கர் என்பது ஒன்றரை சதுர கிலோமீட்டர்கூட இல்லை. ஓர் ஓநாய்க் கூட்டமோ நூறு சதுர கிலோமீட்டருக்கும் மேல் அலைந்து இரை தேடும்.

அந்த அலைவெளி முழுவதும் திறந்த புல்வெளி, புதர்நிலம், மேய்ச்சல் தரை. அரசின் நிலவரைபடங்களில் இவற்றில் பெரும்பகுதி பயனற்ற நிலமாகவே குறிக்கப்படுவதால், சூரியமின் பலகைகளுக்கும் மரத்தோட்டங்களுக்கும் முதலில் பலியாவது இதுவே. நிலம் சுருங்கச் சுருங்க ஓநாய் ஊரோரத்துக்கு வருகிறது. அங்கே தெருநாய்களிடமிருந்து வெறிநோயும் தொற்றுகிறது, கலப்பும் நேர்கிறது. புனே அருகே ஓநாயும் நாயும் கலந்து பிறந்த விலங்கை மரபணு ஆய்வு உறுதிசெய்துள்ளது.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலிருந்து வெட்டிக் குவித்த மண்மேடுகளில் மரம் நட்டுப் பசுமையாக்குவது பொருத்தமான பணி. அதே அளவுகோலைக் கொண்டு, இயல்பிலேயே மரமற்ற தக்காணப் புல்வெளியிலும் மரம் நட்டால், அது ஓநாயின் வீட்டை இடிப்பதாகும்.

2024இல் உத்தரப் பிரதேசத்தின் பஹ்ரைச் பகுதியில் ஓநாய்களால் குழந்தைகள் உயிரிழந்ததை எண்ணி அஞ்சுவோரின் அச்சம் நியாயமானதே. எனினும் ஆட்டை இழந்த இடையருக்குத் தாமதமின்றி இழப்பீடும், மேய்ச்சல் தரைக்குச் சட்டப் பாதுகாப்பும் வழங்குவதே அரசு முதலில் செய்ய வேண்டியது. கூண்டுகளைப் பெருக்குவது அதற்கு அடுத்தது.