உயிர்மூலக்கூறுகள்: வழக்குப் பெயரும் வேதியமைப்பும்

உயிரினங்களின் உடலில் நீரையும் தாது உப்புகளையும் நீக்கிவிட்டால் எஞ்சுவனவற்றுள் பெரும்பாலானவற்றைக் கார்போஹைட்ரேட்டு, புரதம், கொழுப்பு, நியூக்ளிக் அமிலம் என்னும் நான்கு வகைகளுள் அடக்கலாம். முதல் மூன்றும் அடுக்களையோடு தொடர்புடையவை. ஆகவே தமிழில் வேதியியல் நூல்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே மாவு, சர்க்கரை, கொழுப்பு என்னும் சொற்கள் வழக்கில் இருந்தன. பாடநூலாசிரியர்கள் அவற்றையே கலைச்சொற்களாக எடுத்தாண்டனர். இதனால் விளைந்த எளிமை பாராட்டத்தக்கது. ஆயினும் வழக்குச்சொல் பொருள்களைச் சுவை, தோற்றம், பயன் ஆகியவற்றால் பகுக்கிறது. வேதியியலோ அணுக்கள் இணைந்துள்ள முறையால் பகுக்கிறது. இரண்டும் விலகுமிடங்களில் சொல்லை நம்பிப் பொருளை அறிய முற்படுவோர் இடர்ப்படுகின்றனர்.

கார்போஹைட்ரேட்டுகளின் அடிப்படை அலகு ஒற்றைச் சர்க்கரை. அவற்றுள் தலையாயது குளுக்கோஸ். அதன் மூலக்கூறு ஒன்றில் 6 கார்பன், 12 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. பழங்களில் மிகுதியாகக் காணப்படும் ஃபிரக்டோசிலும் இதே அணுக்கள் இதே எண்ணிக்கையில் உள்ளன, அடுக்குமுறைதான் வேறு. இவ்விரண்டும் இணைந்தது சுக்ரோஸ், அதாவது கடையில் வாங்கும் சீனி. அதில் 24 ஹைட்ரஜனும் 12 ஆக்சிஜனும் இருக்கும் என எதிர்பார்க்கலாம். உள்ளவையோ 22, 11 மட்டுமே. இணையுமிடத்தில் ஒரு நீர் மூலக்கூறு நீங்கிவிடுகிறது. மரம், வேர் என்னும் சொற்கள் புணர்ந்து மரவேர் ஆகும்போது மகரமெய் கெடுவதை இதற்கு ஒப்பிடலாம். ஒப்புமை இவ்வளவில் நிற்பது. கெட்ட மெய்யை இலக்கணம் கற்றவர் மனத்தால் மீட்டுக்கொள்வார். உடலிலோ செரிமானத்தின்போது நீர் உண்மையாகவே திரும்பச் சேர்ந்தால்தான் பிணைப்பு அறும். நீர் நீங்கச் சேர்தல், நீர் சேரப் பிரிதல் என்னும் இவ்விரு வினைகளும் ஏனைய மூன்று வகைகளுக்கும் பொதுவானவை.

குளுக்கோஸ் அலகுகள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் தொடரும்போது அரிசியிலுள்ள ஸ்டார்ச்சும் பருத்தியிலுள்ள செல்லுலோசும் அமைகின்றன. இரண்டிற்கும் அலகு ஒன்றே. ஓர் அலகின் முதற்கார்பன் அடுத்த அலகோடு கொள்ளும் பிணைப்பின் திசை மட்டும் மாறுகிறது. அத்திசை ஆல்ஃபா எனப்படும் வகையாயின் ஸ்டார்ச்சு. பீட்டா எனப்படும் வகையாயின் செல்லுலோஸ். மனித உமிழ்நீரிலும் கணைய நீரிலும் உள்ள அமிலேஸ் என்னும் நொதி முன்னதை மட்டுமே வெட்டவல்லது. சோறு செரிப்பதும் நூல் செரியாததும் இந்த ஒரு பிணைப்பின் வேறுபாட்டால்.

இங்கே ‘மாவுச்சத்து’ என்னும் சொல் இடர் தருகிறது. சில நூல்களில் அது ஸ்டார்ச்சைக் குறிக்கிறது. வேறு சிலவற்றில் கார்போஹைட்ரேட்டு முழுமையையும் குறிக்கிறது. பின்னைய பொருளில் பருத்தி நூலும் பாலிலுள்ள லாக்டோசும் மாவுச்சத்தாகிவிடும். தெலுங்கிலும் கார்போஹைட்ரேட்டைப் ‘பிண்டி பதார்த்தம்’ என்பர். பிண்டி என்பது மாவு. மலையாளத்தின் ‘அன்னஜம்’ சோற்றை அடியாகக் கொண்டது. எல்லா இடத்தும் அடுக்களையே பெயர் சூட்டியிருக்கிறது.

சர்க்கரை என்னும் சொல்லின் நிலை இதற்கு மறுதலை. வேதியியல் ஒன்றாகக் காண்பதை வழக்கு இரண்டாகக் காண்கிறது. சமஸ்கிருதத்தில் பருக்கைக்கல்லையும் வெல்லக்கட்டியையும் குறித்த ‘சர்க்கரா’ இந்திய மொழிகளில் மட்டுமன்றிக் கிரேக்கம் வழியே ஐரோப்பிய அறிவியலிலும் புகுந்தது. கூட்டுச் சர்க்கரையைக் குறிக்கும் ‘பாலிசாக்கரைடு’ என்பதில் ஒலிப்பது அச்சொல்லே. ஆக, அறிவியல் வழக்கில் ஸ்டார்ச்சும் சர்க்கரைத் தொடரே. தமிழ் வழக்கிலோ சர்க்கரை இனிப்பது, சோறு இனிப்பதன்று. சர்க்கரை நோய் என்னும் பெயரைக் கேட்ட நோயாளி காப்பியில் சீனியை விலக்கிவிட்டுச் சோற்றின் அளவைக் குறைக்காதிருப்பது பரவலாகக் காணப்படுவது. அவரைக் குறைகூறுவதற்கில்லை, பெயர் அவ்வாறு வழிகாட்டுகிறது. இரத்தத்தில் அளக்கப்படுவது சீனியன்று, குளுக்கோஸ். அரிசியின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் குளுக்கோஸ் தொடரே. சீனியிலோ ஏறத்தாழப் பாதிதான் குளுக்கோஸ்.

புரதம் என்னும் சொல் ‘புரோட்டீன்’ என்பதன் ஒலிச்சாயலைத் தழுவியது. முதன்மையானது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பெர்சீலியஸ் அப்பெயரை வழங்க, முல்டர் 1838இல் அதனைக் கையாண்டார். மலையாளத்தின் ‘மாம்ஸ்யம்’, தெலுங்கின் ‘மாம்ஸக்ருத்துலு’ ஆகியவை இறைச்சியைச் சுட்டும் அடியிலிருந்து பிறந்தவை; துவரம்பருப்புக்கும் அவற்றையே சொல்லவேண்டும். தமிழ்ச்சொல்லில் அடிப்பொருள் எதுவும் வெளிப்படாமையே இங்கு நன்மையாக அமைந்தது எனலாம். ஏனெனில் புரதம் உணவு மட்டுமன்று. தலைமயிர், அமிலேஸ், குருதியின் ஹீமோகுளோபின் அனைத்தும் 20 வகை அமினோ அமிலங்கள் வெவ்வேறு வரிசையில் தொடர்ந்து அமைந்தவை. 1950களில் சாங்கர் அமினோ அமில வரிசையை முழுதும் கண்டறிந்த முதற்புரதமான இன்சுலின், 21, 30 எனப் பிரிந்த இரு சங்கிலிகளில் 51 அமினோ அமிலங்களை உடையது. அதனை விழுங்கினால் குடல் பருப்பைச் செரிப்பதுபோல் செரித்துவிடும். ஊசி வழியே செலுத்தப்படுவது இதனால்தான்.

ஒலிபெயர்ப்பும் பிழையற்றதென்று கொள்ளவியலாது. கார்போஹைட்ரேட்டு என்னும் பெயர் ‘கார்பனோடு நீர் சேர்ந்தது’ என்று பொருள்படும். டி.என்.ஏ.வின் உறுப்பான டீஆக்சிரைபோசில் 10 ஹைட்ரஜனுக்கு 4 ஆக்சிஜனே இருப்பதால் அந்நீர்க்கணக்கு பொருந்தாது. மீஷர் 1869இல் உயிரணுவின் உட்கருவிலிருந்து பிரித்தமையால் நியூக்ளிக் அமிலம் அப்பெயர் பெற்றது. உட்கருவே இல்லாத பாக்டீரியாவிலும் அது உண்டு.

சொல்லால் விளையும் கேடு மிகுதியாக உள்ளது கொழுப்பில். தமிழ்க் கொழுப்பு, கன்னடக் கொப்பு, தெலுங்குக் கொவ்வு மூன்றும் ஓரினச் சொற்கள். மூன்றுக்கும் செருக்கு என்னும் பொருளும் உண்டு என்பது சுவையான செய்தி. வேதியியல் நோக்கில், எண்ணெயும் நெய்யும் டிரைகிளிசரைடுகள்: ஒரு கிளிசராலோடு 3 கொழுப்பு அமிலங்கள் 3 நீர் மூலக்கூறுகளை நீக்கி இணைந்தவை. கொலஸ்ட்ராலில் கிளிசராலும் இல்லை, கொழுப்பு அமிலமும் இல்லை. இணைந்த 4 வளையங்களையும் 27 கார்பன் அணுக்களையும் கொண்ட அது உயிரணுச் சவ்வுக்கும் பித்த அமிலங்களுக்கும் சில ஹார்மோன்களுக்கும் வேண்டப்படுவது. டிரைகிளிசரைடு போல எரிந்து ஆற்றல் தருவதன்று. நீரில் கரையாமை ஒன்றே இரண்டையும் ஓரினமாக்குகிறது. மருத்துவ ஆய்வறிக்கை இவற்றைத் தனித்தனியே அளந்து காட்டினும் இல்லத்தில் இரண்டும் ‘கொழுப்பு’ என்றே பேசப்படுகின்றன. தாவர எண்ணெயில் கொலஸ்ட்ரால் இல்லை என்னும் உண்மையான கூற்றைக் ‘கொழுப்பில்லாத எண்ணெய்’ என்று தமிழாக்கினால், கிராமுக்கு 9 கலோரி தரும், ஏறக்குறைய முழுவதும் கொழுப்பேயான ஒரு பொருள் கொழுப்பற்றதாகிவிடுகிறது. இவ்விடத்தில் கொலஸ்ட்ரால் என்னும் கடன்சொல்லையே ஆளுதல் தகும்.