உங்களுக்குத் தெரியுமா? – இலவசப் பஸ்ஸும் மின்னி வேனும்
அமெரிக்காவின் பிளோரிடா மாகாணத்தில் 1971-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட வால்ட் டிஸ்னி வேர்ல்டு, நான்கு பெரிய கேளிக்கைப் பூங்காக்களையும் இருபதுக்கு மேற்பட்ட விடுதிகளையும் தன்னகத்தே கொண்ட விஸ்தாரமான பிரதேசமாதலால், அங்கே தங்கும் பிரயாணிகளுக்குப் பஸ், படகு, மோனோரயில் ஆகியவற்றோடு, 2019 முதல் ஆகாய மார்க்கமாகக் கம்பிவடத்தில் செல்லும் ஸ்கைலைனரும் இலவசமாகவே கிடைக்கின்றது. ஆயினும், ஒரு விடுதியில் தங்கியிருப்பவர் மற்றொரு விடுதிக்கு விருந்துண்ணப் போக விரும்பினால், பெரும்பாலும் நேர் பஸ் இல்லாத காரணத்தால், இடையில் ஏதேனுமொரு பூங்காவில் இறங்கி வேறு பஸ்ஸுக்காகக் காத்து நிற்க நேரிடும். இலவசமென்பது பணத்தைப் பொறுத்த மட்டில்தான்!

இக்குறையைத் தீர்க்க, 2017-இல் லிஃப்ட் என்னும் வாடகைக் கார் நிறுவனத்தின் துணையோடு, டிஸ்னியின் கார்ட்டூன் எலியான மின்னி மௌஸின் ஆடையைப் போலச் செந்நிறத்தில் வெண்புள்ளிகள் இட்டதும் குழந்தைகளுக்கான இருக்கை உடையதுமான மின்னி வேன் என்னும் கட்டண வாகனம் தொடங்கப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், அந்நான்கு பூங்காக்களில் ஒன்றான மாஜிக் கிங்டத்துக்குச் சாதாரண வாடகைக் காரில் காசு கொடுத்துச் செல்பவர் பூங்காவுக்கு முன்னுள்ள ஏரியின் இக்கரையிலேயே இறங்கி, படகோ மோனோரயிலோ ஏறியாக வேண்டும். விடுதியின் இலவசப் பஸ்ஸோ வாசலருகே கொண்டுபோய் விடுகிறது. மின்னி வேனுக்கும் அச்சலுகை உண்டு. விமான நிலையத்திலிருந்து விடுதிகளுக்கு இலவசமாக ஓடிய மாஜிக்கல் எக்ஸ்பிரஸ் பஸ் மாத்திரம் 2022-இன் தொடக்கத்தில் நிறுத்தப்பட்டுவிட்டது.