வெங்காயப் பட்டறைக்கு எந்த சிப் வாங்கலாம்?

பெரம்பலூர் மாவட்டம், செட்டிகுளம் பக்கம் போனால் சின்ன வெங்காயப் பட்டறைகளைப் பார்க்கலாம். நல்ல விலைக்காகவும், அடுத்த பட்டத்து விதைக்காகவும் காத்திருக்கும் வெங்காயம் அது. வெங்காயம் கெடாமல் இருக்க 25 முதல் 30 டிகிரி வெப்பமும், 65 முதல் 70 சதவிகித ஈரப்பதமும் வேண்டும். ஈரம் கூடினால் அழுகும். குறைந்தால் சுருங்கி எடை போகும். வாடை வந்த பிறகு கவனித்து என்ன பயன்?

வெப்பத்தையும் ஈரத்தையும் அளந்து, தானாகவே பதிந்து வைக்கும் சின்னக் கருவியை நம் வீட்டுக் கல்லூரிப் பிள்ளைகளே செய்துவிடலாம். அதற்கு மூளையாக ஒரு மைக்ரோகன்ட்ரோலர் வேண்டும். எதை வாங்குவது? பலரும் வேகமானதைத்தான் தேடுகிறார்கள். அங்கேதான் சறுக்கல்!

ஒரு கணக்குப் போடுவோம். 10 நிமிடத்துக்கு ஒரு பதிவு என்றால் நாளுக்கு 144. ஒரு பதிவுக்கு 20 பைட் வைத்தால், 90 நாளுக்கு சுமார் 260 கிலோபைட். வாட்ஸ்அப்பில் வரும் ஒரு போட்டோ அளவுதான். மெமரி கார்டு இருந்தால், 2 கிலோபைட் ரேம் கொண்ட ஆர்டுயினோ ஊனோவே தாராளம்.

பிரச்னை கரன்ட்டில் இருக்கிறது. ஊனோ போர்டு சும்மா இருந்தாலே சுமார் 50 மில்லிஆம்பியர் இழுக்கும். 2,500 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி இரண்டே நாளில் காலி. பேட்டரி தீர்ந்த இரவில்தான் மழை கொட்டும்! அதே போர்டில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்பை மட்டும் தனியாக எடுத்து, பதிவு நேரம் தவிர மற்ற நேரம் தூங்கவைத்து, சென்சாருக்கும் கார்டுக்கும் அப்போது கரன்ட்டை நிறுத்தினால், அதே பேட்டரி மாதக்கணக்கில் வரும்.

பட்டறை வீட்டை ஒட்டி இருந்து, வைஃபையும் எட்டினால் ஈஎஸ்பி32 நல்லது. அளவுகள் போனுக்கே வந்துவிடும். ஆனால், வைஃபையில் அனுப்பும்போது 100 மில்லிஆம்பியருக்கு மேல் இழுக்கும். எனவே மணிக்கு ஒருமுறை அனுப்பினால் போதும்.

பக்கத்து அரியலூருக்கு வாருங்கள். 2024-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த கரைவெட்டி போன்ற ஏரியில் நீர்மட்டத்தைப் பதிய வேண்டும் என்றால்? தண்ணீருக்கு நடுவே கரன்ட் ஏது, வைஃபை ஏது? நீர்மட்டம் மெதுவாகத்தான் மாறும். நாளுக்கு 24 பதிவு போதும். அங்கேயும் தூங்கத் தெரிந்த சின்ன சிப்தான் சரி.

இன்னும் இரண்டு விஷயம். விலை குறைவு என்று டிஹெச்டி11 சென்சாரை வாங்கினால், ஈரப்பதத்தில் 5 சதவிகிதம் முன்பின் காட்டும். நமக்கு வேண்டிய 65-70 இடைவெளியே 5தானே! சிப்பில் மிச்சம் பிடித்த காசை நல்ல சென்சாரில் போடுங்கள். நேரம் தப்பாமல் இருக்க டிஎஸ்3231 கடிகாரத்தையும் சேருங்கள். எந்த இரவில் ஈரம் ஏறியது என்று தெரிந்தால்தானே, எப்போது மூடுவது, எப்போது காற்று விடுவது என்று முடிவெடுக்க முடியும்?

கடையில் இனி, ‘எது வேகம்?’ என்று கேட்காதீர்கள். ‘தூங்கும்போது எவ்வளவு கரன்ட் இழுக்கும்?’ என்று கேளுங்கள்!