வைரத்தட்டிற் கருவி தீட்டுதல்: நீரா, எண்ணெயா?

கூர் மழுங்கிய அரிவாள் கமக்காரருக்கு இருவகை நட்டத்தை உண்டாக்கும். தாள் அரியப்படாது இழுபடுவதால் முற்றிய கதிரிலிருந்து நெல்மணிகள் உதிரும். பலத்துடன் இழுக்குங்கால் கருவி வழுகிக் கையைக் காயப்படுத்தவுங் கூடும். மழுங்கிய கத்தியால் வெட்டப்பட்ட செடியின் கிளையும் நசுங்கிப் புண்படும். ஆகவே, கருவிகளை முன்கூட்டியே தீட்டி வைத்தல் வேண்டும்.

சாணைக்கல்லுடன் இக்காலத்தில் வைரத்தட்டும் பாவனையில் உள்ளது. செயற்கை வைரம் செய்யும் முறை 1955 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அறிவிக்கப்பட்டது. அத்தகைய வைரத் துகள்களை நிக்கற் பூச்சினால் உருக்குத் தட்டின்மேற் பதித்து இத்தட்டு செய்யப்படுகின்றது. சாணைக்கல்லைப் போல் இது தேய்ந்து குழிவதில்லை.

ஈரம் எதற்கு?

கையாற் தீட்டும்போது உண்டாகும் சூடு மிகச் சிறிது. எனவே, ஈரத்தின் முதன்மையான வேலை கருவியைக் குளிரச் செய்வதன்று; தேய்ந்து விழும் இரும்புத் தூளை மிதக்கச்செய்து அகற்றுவதேயாகும். தூள் துகள்களின் இடைவெளியில் அடைந்துவிட்டால், தட்டு வழுக்குமேயன்றி அரைக்காது.

நீர்

பெரும்பாலான வேலைகளுக்கு நீரே போதும். ஒரு கோப்பை நீரில் பாத்திரங் கழுவும் திரவச் சவர்க்காரம் இரண்டு மூன்று துளி கலந்தால், நீர் தட்டில் நன்கு பரவும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கற் பகுதிக் கிணற்று நீரில் சாதாரண சவர்க்காரக் கட்டி எளிதில் நுரைக்காது, திரிந்து படியும். அங்கு திரவச் சவர்க்காரமோ மழைநீரோ ஏற்றது. உவர்நீரைத் தவிர்த்தல் நன்று. அது துருவை விரைவில் உண்டாக்கும்.

மண்ணெண்ணெய்

இது மெல்லியதாகையால் தூளை நன்கு அகற்றும், துருவையும் உண்டாக்காது. ஆயின், எளிதில் தீப்பற்றும். அடுப்பு, விளக்கு, சுருட்டு ஆகியவற்றின் அருகில் இதனை உபயோகித்தலாகாது. கீரையும் மரக்கறியும் வெட்டுங் கத்தியை இதனாற் தீட்டினால், சவர்க்காரமிட்டுக் கழுவிய பின்னரே வெட்டுதல் வேண்டும். இன்றேல் மணம் விளைபொருளிற் பற்றும்.

தவிர்க்க வேண்டியவை

தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய் முதலியன தடிப்பானவை. அவை தூளைக் குழம்பாக்கித் தட்டிற் பிடித்து வைக்கும். தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 பாகை செல்சியசுக்குக் கீழ் உறைவதால் மலைநாட்டிற்குச் சற்றும் உதவாது. உழவு இயந்திரத்திலிருந்து வடித்த பழைய எண்ணெய் உலோகத் தூளும் அழுக்கும் கலந்தது, தோலுக்கும் தீங்கானது.

தீட்டும் முறை

1. மண்வெட்டியின் வாய் நெளிந்திருப்பின், முதலில் அரத்தினால் உலர்ந்த நிலையில் அராவிச் சீராக்குக.
2. தட்டை நனைத்து, முன்னைய சரிவு மாறாமல் மெதுவாகத் தேய்க்குக. அழுத்தித் தேய்த்தால் வைரத் துகள்கள் பெயர்ந்துவிடும்.
3. வளைந்த அரிவாளை மரக்குற்றியில் அசையாது வைத்துச் சிறிய தட்டை அதன்மேற் செலுத்துக. விரல்கள் வாய்க்கு எதிரே நிற்கலாகாது. பல்லுள்ள அரிவாளின் பற்களைத் தட்டையான தட்டிற் தேய்த்தலாகாது.
4. நீர் கறுத்ததும் துடைத்துப் புதுநீர் விடுக.
5. எதிர்ப்பக்கத்திற் பிசிறு தட்டுப்படின், அப்பக்கத்தை இலேசாகத் தேய்த்து அகற்றுக.

வேலை முடிந்ததும் தட்டைச் சவர்க்காரமிட்டுப் பழைய பற்தூரிகையாற் தேய்த்துக் கழுவி உலர்த்துதல் வேண்டும். முன்னர் எண்ணெய் பட்ட தட்டையும் இவ்வாறு கழுவி நீருடன் உபயோகிக்கலாம். கருவியையும் ஈரமறத் துடைத்து வாயில் மெல்லிதாக எண்ணெய் பூசி வைக்குக. எண்ணெய்க்குரிய இடம் தீட்டிய பின்னரேயாகும். தீட்டும்போது நீரே போதும். இவ்வாறு பேணப்பட்ட அரிவாள் வயலில் இறங்கும் நாளிற் கையை வருத்தாது, நெல்லையும் வீணாக்காது.